எஸ்.எஸ். கேட்டில் காந்தம் ஒட்டவில்லை, ஆனாலும் துரு வருகிறதே?

நல்லவாடு வாசகர், 3 மே 2025
கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. போன வருடம் கேட்டும் மாடிக் கைப்பிடியும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் போட்டோம். கடையில் காந்தம் வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை. "அசல் சார், துருவே வராது" என்றார்கள். இப்போது வெல்டிங் வைத்த இடமெல்லாம் டீ கொட்டிய மாதிரி பழுப்பு. இது ஏமாற்று வேலைதானே? காந்தம் ஒட்டாதது எப்படித் துருப்பிடிக்கும்?

3 மே 2025
கடலூர் ஓ.டி.யில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் பட்டறைக்கு வரும், அதனால் பதில் கைவசம் இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை என்பதற்கும் துருப்பிடிக்காது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்குக் கொடுத்தது எஸ்.எஸ்.ஸில் 202 என்ற மலிவு ரகமாக இருக்கும். அதிலும் காந்தம் ஒட்டாது, 304 (த்ரீ நாட் ஃபோர்) என்ற உசந்த ரகத்திலும் ஒட்டாது. கடைக்காரர் காட்டிய சோதனையில் இரண்டுமே பாஸ்.

304 என்றால் இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் நிக்கலைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீஸை ஏழரை முதல் பத்து சதவீதம் வரை போட்டிருப்பார்கள். நிக்கல் விலை அப்படி. இந்தியாவில் நிக்கல் சுரங்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, வெளியிலிருந்து வரவேண்டும். மாங்கனீஸ் நம்மிடமே இருக்கிறது, மத்தியப் பிரதேசம் பாலாகாட்டில் தோண்டுகிறார்கள்.

வித்தியாசம் பார்க்க ஒரு சொட்டு மருந்து விற்கிறார்கள். பேட்டரியோடு வரும். பைப்பில் ஒரு சொட்டு விட்டுக் கரண்ட் கொடுத்தால் மாங்கனீஸ் அதிகம் உள்ளது சிவந்துவிடும். கடையில் காந்தத்தை எடுத்தால் நீங்கள் இதை எடுங்கள்.

3 மே 2025, இரவு
காந்தம் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் மேலே இரண்டு பேர் "இரும்பு இருக்கிறதே, ஏன் ஒட்டாது" என்று கேட்டுவிட்டார்கள்.

சாதாரண இரும்பில் அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை வேறு. கனசதுரத்தின் எட்டு மூலையிலும் ஒன்று, நடுவயிற்றில் ஒன்று. அப்படி அடுக்கியிருந்தால் காந்தத்துக்குப் பிடிக்கும். 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால் அடுக்கு மாறிவிடும்: மூலைகளில் ஒன்று, ஆறு முகத்திலும் நடுவில் ஒன்று. நிக்கலோ மாங்கனீஸோ போதுமான அளவு சேர்த்தால் ஆறிய பிறகும் அந்த இரண்டாவது அடுக்கிலேயே நின்றுவிடும். அது காந்தத்தைச் சட்டை செய்யாது. 430 என்று ஒரு எஸ்.எஸ். உண்டு, நிக்கல் கிடையாது, குரோமியம் மட்டும். அதில் காந்தம் நன்றாக ஒட்டும். ஆனால் வீட்டுக்குள்ளே அது நன்றாகவே உழைக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கிற எவர்சில்வர் பாத்திரங்கள் பலவற்றின் அடியில் இருப்பது அந்தச் சாதிதான்.

துருவைத் தடுப்பதில் முதல் பங்கு குரோமியத்துக்கு, நிக்கலும் கை கொடுக்கும். குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத படலம் போட்டுக்கொள்ளும். கீறினால் தானே மறுபடியும் போட்டுக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடுக்கு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கத் தெரியும். கடலோரத்தில் நடப்பது அவ்வளவுதான்.

5 மே 2025
வெல்டிங் இடத்தில் மட்டும் ஏன் என்று நல்லவாட்டுக்காரர் திரும்பக் கேட்கிறார். நல்ல கேள்வி, இதில் பட்டறைக்காரன் பங்கும் இருக்கிறது. வெல்டு பக்கத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு நிறம் ஏறுமே, அதற்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு அந்தத் தோலை எடுத்துவிட்டுத்தான் பஃபிங் அடிக்க வேண்டும். அவசரத்தில் பஃபிங் மட்டும் அடித்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, எம்.எஸ். (சாதா இரும்பு) அறுத்த அதே கிரைண்டிங் சக்கரத்தை எஸ்.எஸ்.ஸிலும் வைப்பது. சாதா இரும்புத்தூள் போய் ஒட்டிக்கொள்ளும், துருப்பிடிப்பது அந்தத் தூள், பழி பைப்புக்கு. என் பட்டறையில் இரண்டு மெஷினும் தனித்தனி. வாடிக்கையாளர் முன்னால் பெருமைக்காகச் சொல்வதுண்டு, ஆனால் உண்மையும்கூட.

9 மே 2025
"202 என்பதே கலப்படம், மாங்கனீஸ் போட்டு மோசடி" என்று முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர் கொதித்திருக்கிறார். இதை விடமாட்டேன். இவ்வளவு நேரம் 202-ஐக் குறை சொன்ன நானேதான் சொல்கிறேன், மாங்கனீஸைத் திட்டாதீர்கள். மாங்கனீஸ் இல்லாமல் உங்கள் வீட்டு ஆணிகூடக் கிடையாது. அந்தக் கதையில் பாதி நம் கடலூர் மாவட்டத்தில் நடந்தது.

பரங்கிப்பேட்டை. பிரியாணிக்கும் கடல்வாழ் உயிரியல் மையத்துக்கும் பேர் போன ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும். 1830 வாக்கில் அங்கே இரும்பு உருக்கும் ஆலை எழுந்தது. போட்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் சென்னை மாகாண அதிகாரியாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு இரும்பில் இறங்கினார். கம்பெனி கடனும் கொடுத்தது. தாது சேலம் பக்கத்து மேக்னடைட், காந்தம் ஒட்டும் கறுப்பு இரும்புத் தாது, ஆற்று வழியாகப் படகில் வந்தது. எரிபொருள் மரக்கரி. வார்ப்பிரும்பு பரங்கிப்பேட்டையிலேயே கப்பலேறி இங்கிலாந்து போனது. அங்கே வேல்ஸில் கட்டிய பிரிட்டானியா பாலத்துக்கும் இந்த இரும்பு போனதாகச் சொல்வார்கள்.

ஆலை லாபம் பார்க்கவில்லை. ஊதுலைக்கு மரக்கரி கொட்டி மாளாது. காடு வெட்ட வெட்ட, கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது. இங்கிலாந்திலோ அப்போதே நிலக்கரியைக் கோக் ஆக்கி மலிவாக உருக்கிக்கொண்டிருந்தார்கள். தாது எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்? ஹீத்துக்குப் பிறகும் கைமாறிக் கொஞ்சகாலம் இழுத்தது, அப்புறம் மூடிவிட்டார்கள்.

ஹீத் இங்கிலாந்து போய் ஷெஃபீல்டில் உருக்கு வேலையில் தலையைக் கொடுத்தார். 1839-இல் ஒரு காப்புரிமை வாங்கினார்: மூசையில், அதாவது உருக்கும் மண்குடுவையில், உருக்கு காய்ச்சும்போது மாங்கனீஸும் கரியும் சேர்ந்த கட்டியைச் சிறிதளவு போடுவது. பலன் பெரிது. இரும்பில் கந்தகம் கொஞ்சம் இருந்தாலே அது இரும்போடு சேர்ந்து ஆயிரம் டிகிரிக்கும் கீழே உருகிவிடும், பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது உருக்கு பிளந்துபோகும். மாங்கனீஸ் இருந்தால் கந்தகம் அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், அந்தச் சேர்மம் அந்தச் சூட்டில் உருகாது. இதனால் விலையுயர்ந்த ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்த ஷெஃபீல்டுக்கு உள்ளூர் இரும்பிலேயே நல்ல உருக்கு கிடைத்தது.

ஹீத்துக்குக் காசு கிடைத்ததா என்றால், இல்லை. தயாரித்த கட்டிக்குப் பதிலாக மாங்கனீஸ் ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டாலும் அதே வேலை நடந்துவிடுகிறது. காப்புரிமையில் எழுதியது கட்டியைப் பற்றி, நாங்கள் போடுவது வேறு என்று மற்றவர்கள் சாதித்தார்கள். அவருடைய ஏஜெண்டாக இருந்தவரே எதிர்க்கட்சி. வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 1851-இல் ஹீத் கஷ்டத்தோடு செத்துப்போனார். இறுதித் தீர்ப்பு 1855-இல் பிரபுக்கள் சபையில் வந்தது, அதுவும் அவருக்கு எதிராக.

இன்று பட்டறைக்கு வரும் எந்த ஆங்கிளை, எந்தச் சேனலை எடுத்தாலும் உள்ளே அரை சதவீதம் வாக்கில் மாங்கனீஸ் இருக்கும்.

10 மே 2025
"மாங்கனீஸ் நல்லதா கெட்டதா, ஒரே கட்சியில் நில்லுங்கள்" என்கிறார் முத்தியால்பேட்டை. அளவைச் சொல்லுங்கள், கட்சியைச் சொல்கிறேன். அரை சதவீதம் கந்தகத்தைக் கட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் போட்டு ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் ஒரு உருக்கு செய்தார். அடிக்க அடிக்க மேல்தோல் கெட்டிப்படும். ரயில் தண்டவாளம் குறுக்கே போகும் இடத்திலும் கல் உடைக்கும் மெஷினின் தாடையிலும் அதுதான். 202-இல் ஏழரை முதல் பத்து சதவீதம் போடுவது காந்தம் ஒட்டாத அந்த அணு அடுக்கைப் பிடித்துவைக்க. அதுவும் தப்பில்லை. விழுப்புரத்தில் ஹால் படிக்கட்டுக்கு 202 போடுங்கள், பேரன் காலம் வரை இருக்கும். அதையே 304 என்று சொல்லி, 304 விலை வாங்கி, நல்லவாட்டில் மாட்டுவதுதான் தப்பு.

10 மே 2025, பின்குறிப்பு
ஹாட்ஃபீல்டும் ஷெஃபீல்டுக்காரர்தான். 1913-இல் துப்பாக்கிக் குழாய்க்கு உருக்கு தேடப்போய் சுமார் 13 சதவீதம் குரோமியம் போட்ட துருப்பிடிக்காத உருக்கைக் கண்ட ஹாரி பிரியர்லியும் அதே ஊர். நம் ஊரில் ஆலை போட்டுத் தோற்றவர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தீர்களா.

18 மே 2025
"சேலத்துத் தாது அவ்வளவு உசத்தி என்றால் சேலம் உருக்காலை ஏன் அதை உருக்குவதில்லை?" பண்ருட்டியிலிருந்து ஒரு மாணவர்.

சேலம் பக்கத்துக் கஞ்சமலைத் தாதுவில் இரும்பு சுமார் 35 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் குவார்ட்ஸ் கல். ஒடிசா, சத்தீஸ்கரில் கிடைக்கும் ஹேமடைட் என்ற தாதுவில் 60-க்கு மேல். அந்தக் காலத்தில் இடித்து, நீரில் அலசிக் கறுப்புத் தூளை மட்டும் பிரித்தார்கள். கனமானது அடியில் தங்கும். அப்படி எடுத்த மேக்னடைட் சுத்தமானது. கைவேலைக்கு அது சரி, இன்றைய ஆலைக் கணக்குக்கு ஆகவில்லை. 1980களில் ஓட ஆரம்பித்த சேலம் உருக்காலை எஸ்.எஸ். தகடு இழுக்கும் ஆலை. மலையடிவாரத்தில் இருக்கிறதே தவிர, மலையைச் சாப்பிடவில்லை.

இரும்பு அரிய பொருளே இல்லை. பூமியின் மேலோட்டில் ஐந்து சதவீதம் அதுதான். ஆக்சிஜன், சிலிக்கன், அலுமினியத்துக்கு அடுத்த இடம். கடலூர் கேப்பர் மலை ஏன் சிவப்பு? ஆரோவில் பக்கம் வெள்ளை வேட்டியோடு போனால் ஏன் காவியாகித் திரும்புகிறது? இரும்பு ஆக்சைடு. நிலவியலில் கடலூர் மணற்கல் என்றே பேர் வைத்திருக்கிறார்கள், திருவக்கரையில் கல்லான மரங்கள் கிடக்கும் அடுக்கும் அந்தப் பாறைதான். மணலுக்குப் பூச்சு அடித்த அளவுக்கு இரும்பு. உருக்கிக் காசாக்க ஆகாது.

19 மே 2025
கேட்பார்கள் என்று தெரியும், கேட்டுவிட்டார்கள்: போர் தண்ணீர். பிடிக்கும்போது கண்ணாடி, அரைமணி கழித்தால் பழுப்பு, பக்கெட்டில் கறை.

ஆழத்தில் காற்று கிடையாது. அங்கே இரும்பு இரண்டு எலக்ட்ரானை மட்டும் இழந்த நிலையில் கரைந்திருக்கும், நிறம் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் மூன்றாவதையும் இழந்து, கரையாத துருவாகப் படியும். இப்படி நிலை மாறிமாறி நிற்பது இரும்பு, மாங்கனீஸ் போன்ற இடைநிலைத் தனிமங்கள் பெரும்பாலானவற்றுக்கு உள்ள குணம், மாங்கனீஸ் இதில் இன்னும் ஆட்டக்காரன். அதனால் வைத்தியமும் சுலபம். தண்ணீரைத் தொட்டிக்குள் உயரத்திலிருந்து பூவாளியில் சிதறவிட்டு, ஒரு நாள் தேக்கி, மணல் வடிகட்டி வழியாக இறக்குங்கள். குடிநீரில் எவ்வளவு இரும்பு இருக்கலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஒரு வரம்பு உண்டு. தண்ணீர் டெஸ்ட் எடுத்து எண்ணைப் பார்த்துவிட்டு மெஷின் வாங்குங்கள். மெஷின் விற்பவரே டெஸ்ட்டும் எடுத்துக் கொடுத்தால் அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன்.

2 ஜூன் 2025
பையனோடு கடலூர் சில்வர் பீச் போயிருந்தேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் இழுத்தான், கறுப்பு மீசை முளைத்தது. ஒட்டியது பெரும்பாலும் மேக்னடைட். அலை ஒதுக்கும் கறுப்புக் கோடுகளில் ஒட்டாமல் மீந்து நிற்கும் கறுப்பில் இல்மனைட் இருக்கும், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியில் அதைத்தான் பிரித்தெடுக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. டைட்டானியமும் இரும்பும் ஒரே மணலில், ஒரே படிகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரும்பைக் கரியால் பிரித்துவிடலாம். டைட்டானியத்தைக் கரியால் இழுத்தால் கரியோடேயே ஒட்டி கார்பைடு ஆகிவிடும். அதனால் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, வடித்து, மக்னீசியத்தைக் கொண்டு குளோரினைப் பிடுங்க வேண்டும். கொல்லம் சவறாவில் 2011-இல் ஆண்டுக்கு 500 டன் ஆலை ஒன்று வந்தது, ராக்கெட் வேலைக்கு. உப்புக்காற்றில் டைட்டானியம் அசையாது. உடனே டைட்டானியம் கேட் விலை கேட்காதீர்கள்.

8 ஜூன் 2025
இழை எங்கெங்கோ போகிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். போகட்டும். "தமிழனுக்கு 5300 வருடம் முன்னாலேயே இரும்பு உருக்கத் தெரியும், நீங்கள் ஹீத்தைத் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள்" என்று இன்னொருவர். ஹீத் தமிழனுக்கு இரும்பு கற்றுக்கொடுத்தார் என்று நான் எங்கே சொன்னேன்? அவர் இங்கே ஆலை போட்டதே, சேலத்தில் ஊர் ஊராகச் சிறு உலைகளில் அருமையான இரும்பு எடுப்பதைப் பார்த்துத்தான்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. அதற்கு முன்பு மயிலாடும்பாறை கி.மு. 2172. இரும்போடு கிடைத்த கரி போன்றவற்றை வைத்துக் கணக்கிட்டது, அறிஞர்கள் வாதாடட்டும். பட்டறைக்காரனாக எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். தோல் துருத்தி ஊதும் களிமண் உலையில் அந்தச் சூடு வராது, 1200 பக்கம் நிற்கும். அவர்கள் இரும்பை உருக்கவே இல்லை. கரிப்புகை தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, கசடு உருகி வழிய, இரும்பு திடமாகவே துளைதுளையாகக் கட்டியாகும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துக் கசடைப் பிழிந்து எடுப்பார்கள். பிறகு அந்த இரும்பை மூசையில் இலைதழை, மரத்துண்டோடு அடைத்துச் சுட்டால், ஏறும் கரியால் உருகும் சூடு இறங்கி, உருக்காக ஒன்றுசேரும். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இதற்குச் சான்று இருக்கிறது. கரி 4.3 சதவீதம் ஏறினால் 1150 டிகிரியிலேயே உருகும், ஊதுலையில் வார்ப்பிரும்பு ஓடுவது அதனால்தான்.

பல நூற்றாண்டாகத் துரு தின்னாமல் நிற்கும் தில்லி இரும்புத் தூணையும் இழுத்துவிட்டார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் மேலே சொன்ன ஹாட்ஃபீல்டும் ஒருவர், 1912-இல். பாஸ்பரஸ் 0.11 சதவீதம் இருந்தது, மாங்கனீஸ் துளியும் இல்லை. அந்தப் பாஸ்பரஸும் தில்லியின் உலர்ந்த காற்றும் சேர்ந்து தூணுக்குக் காப்புத்தோல் போட்டிருக்கின்றன. நம் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு.

21 ஜூன் 2025
புதுச்சேரிக் கடற்கரையில் 1866-இல் கட்டிய இரும்புப் பாலத்தின் அடிக்கால்கள் தண்ணீரில் நிற்பதைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார் ஒருவர். 1952 புயலில் போனது. அதற்குப் பதில் 1962-இல் வந்த கான்கிரீட் பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் விழுந்தது. "இரண்டையும் துருதான் தின்றது" என்கிறார். அலையும் மண்ணரிப்பும் செய்த வேலையையும் துருவின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிறது. சிமெண்டின் காரத்தன்மை கம்பிக்குப் பாதுகாப்பு. உப்பு உள்ளே இறங்கினால் அது போய்விடும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. சிமெண்ட் வேண்டும் என்பது விதி. மேஸ்திரி விரலை வைத்து அளந்தால் நீங்கள் டேப்பை வையுங்கள்.

22 ஜூன் 2025
காயலான் கடை இரும்பை உருக்கிப் போட்ட கம்பி மட்டமா என்று கேள்வி. புதுச்சேரியைச் சுற்றி இண்டக்‌ஷன் உலைகள் இருப்பதால் எழுந்த சந்தேகம். பழைய இரும்பு பாவம் இல்லை. மோட்டார் காயிலோடு வந்த செம்புதான் தொல்லை. எந்த உலையிலும் செம்பை ஊதி வெளியே தள்ள முடியாது, ஏனென்றால் ஆக்சிஜன் செம்பைத் தொடும் முன்பே இரும்பு எரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். இழுக்கும் சூட்டில் அது உருகி மேல்தோலில் வெடிப்பு விடும். சரி, அதே செம்பைக் கால் சதவீதம் வேண்டுமென்றே போட்டால் திறந்த வெளியில் துரு மட்டுப்படும், அதுவும் உண்டு. உப்புக்காற்றில் அந்த உதவி பெரிதாக நிற்காது. கம்பி வாங்கும்போது ஃபெ 500 டி என்ற தர எண் பொறித்திருக்கிறதா, ஆலையின் டெஸ்ட் சான்று வருகிறதா என்று பாருங்கள். கந்தகம், பாஸ்பரஸ் இரண்டும் தலா 0.04 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

22 ஜூன் 2025, இரவு
ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போட்டால் போதாதா என்று கேட்டவருக்கு: தாராளமாக. துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும், கீறல் விழுந்தாலும். முழு கேட்டையும் செய்து முடித்து, பிறகு தொட்டியில் முக்கி எடுத்த ஹாட் டிப் ஆக இருக்க வேண்டும். ஜி.ஐ. பைப்பை வாங்கி வெல்டிங் வைத்தால், வைத்த இடத்தில் துத்தநாகம் புகையாகப் போயிருக்கும். அந்தப் புகையை இழுத்தால் வெல்டருக்கு இரவு காய்ச்சல் வரும், தம்பிகள் கவனம்.  

29 ஜூன் 2025
மூன்று பேர் தனித்தனியாக விலை கேட்டிருக்கிறீர்கள். இங்கே விலை போட மாட்டேன், வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அலைச்சாரல் படும் வீடு என்றால் 316, அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடு துளைப்பதைத் தாங்கும். தெரு இரண்டு தள்ளி என்றால் 304, ஆனால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். மழை படாத அடிப்பக்கத்தைத்தான் முக்கியமாகத் துடைக்க வேண்டும், உப்பு அங்கேதான் கழுவப்படாமல் கிடக்கும். காசு இறுக்கம் என்றால் எம்.எஸ்.ஸில் கனமாகப் போட்டு, துருவை முழுக்கச் சுரண்டி, பிரைமர் இரண்டு கை, எப்பாக்ஸி பெயிண்ட். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் அடியுங்கள். பில்லில் கிரேடு எண்ணை எழுதி வாங்குங்கள், "எஸ்.எஸ்." என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.